குச்சி எங்கே? மணலுக்குள் ஓர் ஆய்வுக்கூடம்

சொல்லாவிட்டால் தலையே வெடித்துவிடும் போலிருக்கிறது. அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளுக்காக ஒரு முழு அறையையே சுருக்கிக் காட்டியிருக்கிறார்கள்! 1997இல் ஜூடி டிலோச் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் செய்த வேலை. துணியால் கட்டிய ஓர் அறை, உள்ளே கொஞ்சம் தட்டுமுட்டுச் சாமான். இரண்டரை வயதுக் குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பரட்டைத்தலைப் பொம்மையை அங்கே ஒளித்துவைக்கிறார்கள். “இதுதான் சுருக்குற மெஷின்” என்று பச்சை வெளிச்சம் துள்ளும் ஒரு பெட்டியைக் காட்டுகிறார்கள். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து காத்திருக்கிறார்கள். உள்ளிருந்து விநோதமான சத்தம். திறந்து பார்த்தால் அதே அறை, அதே சாமான், எல்லாம் குட்டி குட்டியாக!

திரைக்குப் பின்னால் நடந்தது என்ன தெரியுமா? அந்த மெஷின், மின்னலைகளைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப். சத்தம், முன்கூட்டியே பதிவு செய்துவைத்தது. அந்தச் சத்தத்தின் மறைவில் ஆய்வாளர்கள் அவசர அவசரமாகப் பெரிய அறையை அப்புறப்படுத்தி, சின்ன மாதிரி அறையைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். குழந்தை துளிக்கூடச் சந்தேகப்படவில்லை. நேரே போய், குட்டிச் சாமானுக்குப் பின்னால் இருந்த குட்டிப் பொம்மையை எடுத்துவிட்டது.

இத்தனை பாடு எதற்கு? 1987இல் இதே டிலோச் வேறொரு சோதனை செய்திருந்தார். சின்ன மாதிரி அறையில் சின்னப் பொம்மையை ஒளித்துக் காட்டி, “பெரிய பொம்மை பெரிய அறையில் இதே இடத்தில்தான் இருக்கு, போய் எடு” என்றார். மூன்று வயதுப் பிள்ளைகள் ஓடிப்போய் எடுத்தார்கள். இரண்டரை வயதுப் பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். சரி, மறந்துவிட்டார்கள் என்று நினைத்தால், அதுதான் இல்லை! மாதிரி அறைக்குத் திரும்பியதும் சின்னப் பொம்மை இருந்த இடத்தில் நேராகக் கை வைத்தார்கள். ஒளித்த இடம் மனசில் பத்திரமாகவே இருந்தது. இந்த அறைக்கும் அந்த அறைக்கும் முடிச்சுப் போடத்தான் வரவில்லை. அறையே சுருங்கிவிட்டது என்று நம்பவைத்தால் முடிச்சே தேவையில்லை, அது இதே அறைதான்! ஆறு மாத வித்தியாசத்துக்குள் ஒரு பிள்ளையின் தலைக்குள் இப்படி ஒரு கதவு திறக்கிறது என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு உட்கார இருப்புக்கொள்ளவில்லை.

இதெல்லாம் மனசில் ஓடிக்கொண்டிருக்க, சேரங்கோட்டில் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடு ஒன்றின் வாசலில் உட்கார்ந்திருந்தேன். நீலகிரி என்றதும் ஊட்டி, குன்னூர் என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கம் வருவது அபூர்வம். பந்தலூர் தாலுகா, கேரள எல்லையோரம், தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் சரிவு. இங்குள்ள தோட்டக் குடும்பங்களில் பலர் 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களின் வாரிசுகள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே அரசு தேயிலை நட்டு, பிறகு டான்டீ என்ற தேயிலைத் தோட்டக் கழகமாக ஆக்கியது. அம்மாக்கள் கொழுந்து பறிக்கப் போய்விட்டால் சின்னதுகளைப் பார்த்துக்கொள்ள ஆயா, பாட்டி, கொஞ்சம் பெரிய அக்கா.

அன்றைக்கு மழை விட்டிருந்தது. யாரோ வீட்டுச் சுவர் எழுப்ப எம்-சாண்ட் கொட்டிவைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு வேறென்ன வேண்டும்! கிச்சுக் கிச்சுத் தாம்பாளம் ஆரம்பித்துவிட்டது.

தெரியாதவர்களுக்கு: ஒரு முழ நீளத்துக்கு மணலைக் கரைபோட்டுக் குவிப்பார்கள். ஒரு பிள்ளை விரலிடுக்கில் சின்னக் குச்சியை வைத்துக்கொண்டு கையைக் கரைக்குள் விட்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட்டி, நடுவில் எங்கேயோ குச்சியை விட்டுவிடும். எதிரே இருக்கும் பிள்ளை இரண்டு கையையும் கோத்து, குச்சி இருக்கும் என்று நினைக்கும் இடத்தில் கவிழ்த்து மூட வேண்டும். தவறினால் தண்டனை. தோற்ற பிள்ளையின் இரண்டு கையிலும் மணலை அள்ளி நிரப்பி, அதில் குச்சியைச் செருகி, கண்ணைப் பொத்தி எங்கெங்கோ சுற்றி நடத்திப்போய் ஓரிடத்தில் கொட்டச் சொல்லி, மறுபடி சுற்றவைத்துக் கூட்டிவந்து விடுவார்கள். அப்புறம், “போ, கண்டுபிடி!”

பார்த்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிமிர்ந்தேன். உலகத்தின் பெரிய பெரிய ஆய்வுக்கூடங்களில் கூலி கொடுத்து, கேமரா வைத்து, திரைகட்டிச் செய்த சோதனைகள் ஒன்றுவிடாமல் இந்த ஒரே விளையாட்டுக்குள் இருக்கின்றன!

முதல் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். பொருள் கைக்குள் மறைந்திருக்கிறது, கை மணலுக்குள் போகிறது, வெளியே வரும்போது கை காலி. அப்படியானால் பொருள் எங்கே? சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே 1920களிலும் 30களிலும் தன் மூன்று குழந்தைகளிடம் இதைத்தான் செய்து பார்த்தார். கைக்குள் பொருளை மறைத்து, கையைத் துணிக்கடியில் கொண்டுபோய், வெறுங்கையை வெளியே எடுத்துக் காட்டுவார். கண்ணால் காணாத நகர்வைக் குழந்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துத் துணியை விலக்குவது ஒன்றரை வயதுக்கு மேல்தான் என்று கண்டார். அதற்கு முன்னால் இன்னொரு வேடிக்கையையும் கண்டார். அதை நானே பார்க்க வேண்டும் என்று எனக்கு அரிப்பு.

பக்கத்து வீட்டு அம்மாயி மடியில் பத்து மாதப் பையன். அம்மாயியிடம் அனுமதி கேட்டு, இரண்டு சிரட்டையைக் கவிழ்த்துவைத்தேன். அவன் பார்க்கும்போதே அவனுடைய கிலுகிலுப்பையை இடது சிரட்டைக்குள் வைத்தேன். எடுத்தான். மறுபடி அங்கேயே வைத்தேன். எடுத்தான், வாயெல்லாம் சிரிப்பு. அடுத்த தடவை, அவன் கண்ணுக்கு நேராகவே வலது சிரட்டைக்குள் வைத்தேன். கையை நீட்டாதபடி அம்மாயி ஒரு நொடி பிடித்துக்கொண்டார். விட்டதும் பையன் என்ன செய்தான்? இடது சிரட்டையைத் தூக்கினான்! “ஏண்டா தங்கம், இந்தா இங்கதானே வச்சாங்க!” என்று அம்மாயிக்கு ஒரே ஆதங்கம். எனக்கோ துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது.

அடீல் டயமண்ட் 1985இல் இந்தத் தவறை நொடிக்கணக்கில் அளந்து பதிவு செய்தார். ஏழரை மாதத்தில், ஒளித்தபின் இரண்டு நொடிகூடத் தாமதிக்க வேண்டாம், குழந்தை பழைய இடத்துக்கே கையை நீட்டும். மாதத்துக்குச் சுமார் 2 நொடி வீதம் இந்தத் தாங்குதிறன் கூடிக்கொண்டே போய், ஒரு வயதில் 10 நொடியைத் தாண்டுகிறது. மாதத்துக்கு 2 நொடி! குழந்தை தவழும், நிற்கும், பல் முளைக்கும், எல்லாவற்றையும் நாம் தேதி போட்டுக் கொண்டாடுகிறோம். இந்த 2 நொடியை யாரும் பார்ப்பதில்லை. பழகிப்போன அசைவை அடக்கி, புதிதாகப் பார்த்ததை மனசில் பிடித்துவைக்கும் மூளையின் முன்பகுதி வளர்வதன் அடையாளம் இது என்பது டயமண்டின் விளக்கம்.

சரி, மணலுக்கு வருவோம். ஜேனலின் ஹட்டன்லோக்கரும் நோரா நியூகோம்பும் அவர்களுடைய கூட்டாளியும் 1994இல் வெளியிட்ட ஆய்வு மணலில்தான் நடந்தது. ஐந்தடி நீளப் பெட்டி, நிறைய மணல், உள்ளே புதைத்த பொம்மை. ஒன்றேகால் வயதைத் தாண்டிய குழந்தையிலிருந்து இரண்டு வயது வரை. பொம்மையைப் புதைத்து, மேலே தடம் தெரியாமல் மணலைத் தடவிச் சமமாக்கி, குழந்தையை ஒரு சுற்றுத் திருப்பிவிட்டு, “தோண்டு” என்பார்கள். இத்தனூண்டு பிள்ளைகள் வியக்கும்படி கிட்டத்தில் தோண்டினார்கள். அடையாளம் எதுவும் இல்லாத வெறும் மணல்! ஆனால் தவறும்போது ஒரு பக்கமாகத் தவறினார்கள். கை பெட்டியின் நடுவை நோக்கி இழுபட்டது. நினைவு மங்கலாகும்போது மனசு, ‘இந்தப் பெட்டியில்தானே, நடுவாக்கில் இருக்கும்’ என்று இட்டு நிரப்புகிறது. பத்து வயதில் அதே பெட்டியை மனசு இரண்டு பாதியாகப் பிரித்துக்கொள்கிறது. அப்போது தவறும் கை அந்தந்தப் பாதியின் நடுவுக்குப் போகிறது.

சேரங்கோட்டு மணல்கரையில் ஆறு வயது வாண்டு ஒன்று ஆட்டத்துக்கு ஆட்டம் நட்டநடுவில் கைகோத்துக் கவிழ்த்ததைப் பார்த்தேன். அக்காக்காரி இரண்டு கோடிகளையும் கண்ணால் அளந்து, எந்தப் பாதி என்று முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் கையை வைத்தாள். ஒரு மதியத்து விளையாட்டு ஆய்வாகிவிடாது. ஆனாலும் படித்ததைக் கண்ணெதிரே பார்க்கிற சந்தோஷம் இருக்கிறதே!

இன்னொரு மறைவான விஷயம். நினைவில் வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே சின்னதுகள் அதற்குப் பாடுபடும். 1985இல் டிலோச்சும் இரண்டு கூட்டாளிகளும் ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுவரையான குழந்தைகளுக்கு முன் ஒரு பறவைப் பொம்மையைத் தலையணைக்கடியில் ஒளித்துவிட்டு, கடிகாரம் மணியடித்ததும் எடுக்கலாம் என்று சொல்லி, நடுவில் விளையாட நல்ல நல்ல சாமானைக் கொடுத்தார்கள். குழந்தைகள் விளையாடினார்கள், ஆனால் நிறுத்தி நிறுத்தித் தலையணையைத் திரும்பிப் பார்த்தார்கள், விரல் நீட்டினார்கள், பொம்மையின் பெயரைச் சொன்னார்கள், மெல்லப் போய் எட்டியும் பார்த்தார்கள். பொம்மையை ஒளிக்காமல் தலையணைமேல் வைத்தபோது இந்த அமர்க்களம் குறைந்துவிட்டது. இரண்டு வயதுகூட ஆகவில்லை, அதற்குள் மறதிக்குக் காவல் போடுகிறது பிள்ளை!

இனி இரண்டாம் பாதி. கண்ணைப் பொத்திச் சுற்றிவிடும் பாதி. எனக்கு மிகவும் பிடித்தது.

லிண்டா ஹெர்மர், எலிசபெத் ஸ்பெல்கி இருவரும் 1994இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இதைச் செய்தார்கள். நாலடிக்கு ஆறடி இருக்கும் நீள்சதுர வெள்ளை அறை. நாலு மூலையும் ஒரே மாதிரி. ஒரு மூலையில் பொம்மையை ஒளித்து, குழந்தையை அம்மா தூக்கிக் கண்ணைப் பொத்திப் பல தடவை சுற்றிவிட்டு இறக்கிவிட்டார். அறை நீள்சதுரம் என்பதால், இடது கைப்பக்கம் நீளச்சுவர் இருக்கும் மூலைகள் எதிரெதிரே இரண்டு. குழந்தைகள் சரியாக அந்த இரண்டில் ஒன்றுக்குப் போனார்கள். வடிவம் மனசில் பதிந்திருக்கிறது! அப்புறம் ஒரு சுவரை நீலமாக்கினார்கள். இனி குழப்பத்துக்கே இடமில்லை, அந்த இரண்டில் நீலத்துக்குப் பக்கத்து மூலை என்றால் ஒன்றுதான். பெரியவர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தைகள் அவ்வளவு பெரிய நீலச் சுவரைக் கண்டுகொள்ளவே இல்லை. மறுபடியும் இரண்டு மூலைக்கும் பாதிப்பாதி.

பிறகு பலரும், நிறத்தையும் வடிவத்தையும் சேர்த்துப் பார்க்க ஆறு வயது ஆகவேண்டும் என்று எழுதத் தொடங்கினார்கள். அப்போதுதான் 2002இல் ஏமி லியர்மந்த், லின் நேடல், நோரா நியூகோம்ப் மூவரும் ஒரு காரியம் செய்தார்கள். அறையைப் பெரிதாக்கினார்கள், எட்டடிக்குப் பன்னிரண்டடி. அவ்வளவுதான்! சின்ன அறையில் திணறிய வயதுப் பிள்ளைகள் பெரிய அறையில் நீலச் சுவரைப் பார்த்துச் சரியான மூலைக்குப் போனார்கள். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் சுவர், நாம் ஓரடி நகர்ந்தாலே இடம் மாறித் தெரியும். தூரத்தில் இருப்பதுதான் நிலையாக நின்று வழிசொல்லும், மூளை அதைத்தான் நம்புகிறது. சோதனை நடத்திய அறை சின்னதாக இருந்ததற்குப் பிள்ளையின் மேல் பழி போட்டிருந்தோம். இந்த ஒரு முடிவுக்காகவே இந்தத் துறையை எனக்குப் பிடிக்கும்.

சேரங்கோட்டுப் பிள்ளைக்கு அறை எவ்வளவு பெரிது என்று பாருங்கள். எதிர்மலை, சில்வர் ஓக் வரிசை, டிவி டவர், கீழே ரோடு. பனி இறங்கினால் இவை எல்லாம் ஒரே நிமிஷத்தில் காணாமல் போகும்.

அன்றைக்குத் தோற்றவள் எட்டு வயதுப் பெண். கண்ணைப் பொத்தி, இரண்டு பேர் கூட்டிப்போனார்கள். சும்மா இல்லை, வேண்டுமென்றே சுற்றி, பின்னால் நடக்கவைத்து, ஒரே இடத்தில் தட்டாமாலை சுற்றவைத்து. தேயிலைச் செடியோரம் மணலைக் கொட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். கண்ணைத் திறந்ததும் கொஞ்சம் நின்றாள், அப்புறம் விறுவிறுவென்று மேல்பக்கம் ஏறி, அங்குமிங்கும் பார்த்து, குச்சியோடு வந்துவிட்டாள். எப்படி என்று கேட்டேன்.

“கால்லயே தெரியும்லக்கா. ஏறுனா முட்டி வலிக்கும், எறங்குனா வெரல் இடிக்கும். நான் மூணு தரம் ஏறுனேன், ஒரு தரந்தான் எறங்குனேன். அப்ப மேலதானே இருக்கும்?”

நான் அவளைக் கட்டிக்கொள்ளாத குறை. சமவெளிப் பிள்ளையைச் சுற்றிவிட்டால் திசை போச்சு. மலைப்பிள்ளையை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் சரிவைக் காலிலிருந்து பிடுங்க முடியாது. இதற்கும் ஆய்வு இருக்கிறது! டானியேலே நார்டியும் நியூகோம்பும் அவர்களுடைய கூட்டாளியும் 2011இல் வேறு அடையாளமே இல்லாத அறையில் தரையை 5 டிகிரி சாய்த்து, பெரியவர்களைச் சுற்றிவிட்டுப் பார்த்தார்கள். சரிவை மட்டுமே வைத்து மூலையைக் கண்டுபிடிக்க முடிந்தது. பிற்பாடு 8 முதல் 10 வயதுப் பிள்ளைகளிடமும் பார்த்தார்கள். தரை சாய்ந்திருப்பதைத் தானாகவே உணர்ந்துகொண்ட பிள்ளைகளுக்கு அது கைகொடுத்தது.

பேச்சிலும் சரிவு ஏறிவிடுகிறது. இங்கே மேல் லைன், கீழ் லைன், ‘கேத்தல் அடுப்புக்கு மேப்பக்கம் இருக்கு’. நேபாளத்தின் தோலகா மலைக்கிராமத்தில் காசி இந்துப் பல்கலைக்கழகத்து ரமேஷ் மிஸ்ரா, ஜெனீவாவின் பியர் தாசென், நேபாளத்தின் சாந்தா நிரௌலா மூவரும் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. அந்தப் பிள்ளைகள் மேசைமேல் வைத்த பொருளைக்கூட மேட்டுப்பக்கம், பள்ளத்துப்பக்கம் என்று சொன்னார்கள். காசியை ஒட்டிய கிராமத்துப் பிள்ளைகள் வடக்கு, தெற்கு என்றார்கள். நகரத்துப் பிள்ளைகளிடம் வலது, இடது கூடுதல். மெக்சிகோவின் தெனேஹாப்பா மலையில் செல்தால் மொழி பேசும் குழந்தைகள் நாலு வயதுவாக்கில் இந்த மேடு–பள்ளச் சொற்களைப் பயன்படுத்தத் தொடங்கி, ஏழு எட்டு வயதில் நன்றாகக் கையாளுகிறார்கள் என்று பெனலப்பி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் எழுதியிருக்கிறார்கள்.

நம் தமிழுக்கே வருகிறேன். 1990களில் எரிக் பெடர்சன் தமிழ்நாட்டில் பெரியவர்களிடம் பார்த்தார். மேசையில் பொம்மை மிருகங்களை வரிசையாக வைத்துக் காட்டி, ஆளை அப்படியே திருப்பி, பின்னால் இருக்கும் மேசையில் அதே வரிசையை வைக்கச் சொல்லும் சோதனை. கிராமத்தார் வடக்கே பார்த்த மாட்டை வடக்கே பார்த்தே வைக்கும் பக்கம் சாய்ந்தார்கள். நகரத்தார் தங்கள் வலக்கைப்பக்கம் பார்த்ததை வலக்கைப்பக்கமே வைக்கும் பக்கம். இரு தரப்பும் பேசியது தமிழ்தான்! ஒரே மொழிக்குள் இரண்டு வகையாகப் பொருளை நினைவில் வைக்கிறோம் என்பதை ஒவ்வொரு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலும் சொல்லித்தர வேண்டும் என்று எனக்கு ஆசை.

சரி, இடத்தை நினைவில் வைப்பதில் வயதுக்குப் பங்கு உண்டா? 1979இல் லின் ஹாஷரும் ரோஸ் ஜாக்ஸும், ஒரு பொருள் இருந்த இடம் முயற்சியே இல்லாமல் மனசில் பதிகிறது, இதில் வயதுக்கு வேலையில்லை என்றார்கள். நம் வீடுகளிலும் சாவி காணோம் என்றால் ‘பாப்பாவைக் கேளு’ என்பதுண்டு. ஆனால் துல்லியமாக அளந்தால் வயது வந்து நிற்கிறது. ஜோடி புளூமர்ட்டும் அலிசியா ஹண்ட்டும் 2001இல் ஏழு, ஒன்பது, பதினோரு வயதுப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஒரு சதுரப் பெட்டித் தரையில் 20 பொருள்களின் இடத்தைப் பழக்கினார்கள். பிறகு இடம்காட்டும் புள்ளிகளை எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கச் சொன்னபோது வயதுக்கு வயது வித்தியாசம் தெரிந்தது. 2003இல் இன்னும் ருசியான ஒன்று. ஒரே வகைப் பொருள்கள் ஓரிடத்தில் சேர்ந்திருந்தால், திரும்ப வைக்கும்போது அவை உண்மையில் இருந்ததைவிட நெருங்கிவிடுகின்றன. என்ன பொருள் என்பது, எங்கே இருந்தது என்பதை இழுக்கிறது.

பெரிய ஆச்சரியம் ஆஸ்திரேலியாவில். ஜூடித் கியரின்ஸ் பாலைவனப் பழங்குடிப் பிள்ளைகளுக்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் தட்டில் பரப்பிய பொருள்களை அரை நிமிஷம் காட்டிக் கலைத்துவிட்டு, மறுபடி அடுக்கச் சொன்னார். 1981இல் வெளியான முடிவு: பழங்குடிப் பிள்ளைகள் தெளிவாக முந்தினார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் பெயர்களை முணுமுணுத்துக்கொண்டே பார்த்தார்கள், இவர்கள் அசையாமல் மௌனமாகப் பார்த்தார்கள். பள்ளிக்கூடப் பரீட்சைகளில் பின்தங்கியவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகள்! பந்தலூர், கூடலூர்ப் பக்கத்துப் பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிப் பிள்ளைகளை நினைக்காமல் இதை என்னால் படிக்க முடியவில்லை. எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் யார் கெட்டிக்காரர் என்பது.

1982இல் பார்பரா ரோகோஃப், குவாத்தமாலாவின் மாயா குழந்தைகளுக்காக மலையும் ஏரியும் உள்ள ஒரு குட்டி ஊரையே மேசைமேல் செய்தார். அதில் 20 சின்னப் பொருள்களை வைத்துக் காட்டி, எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கச் சொன்னார். சொல் பட்டியல் சோதனைகளில் பள்ளிப் படிப்பு அதிகமுள்ள பிள்ளைகள் முந்துவது வழக்கம். இங்கே ஒன்பது வயது மாயாப் பிள்ளைகள் அமெரிக்க நகரத்துப் பிள்ளைகளைவிட ஒருபடி நன்றாகவே செய்தார்கள்.

அதை நினைத்துத்தான், சாயங்காலம் அந்த எட்டு வயதுக்காரியிடம், “மணல்ல உங்க லைனை வச்சுக் காட்டு” என்றேன். மணலைச் சரிவாகத் தட்டி, கற்களை அடுக்கினாள். கடை, ரோடு, தண்ணித் தொட்டி. பெரியம்மா வீடு, சித்தி வீடு, மாமா வீடு மூன்றையும் ஒட்டி ஒட்டி வைத்தாள். எழுந்து பார்த்தேன், உண்மையில் மாமா வீட்டுக்கு நாலைந்து வாசல் தள்ளிப் போகவேண்டும். புளூமர்ட், ஹண்ட் என்று எனக்குள் மணி அடித்தது.

“ஏய், தொட்டி அங்க இல்லடி! இன்னும் மேல!” என்று அந்த ஆறு வயது வாண்டு ஒரு கல்லைப் பிடுங்கினான். “போடா, அது பழைய தொட்டி. புதுத் தொட்டி இங்கதான்” என்று அவள் திரும்பப் பிடுங்கினாள். இன்னும் நாலு பேர் கூடிவிட்டார்கள். யார் வீட்டுக் கோழிக்கூடு எங்கே என்பதில் தொடங்கி, எந்தப் பலாமரத்துக்கு யானை வரும் என்பதுவரை ஆளுக்கொரு கல் வைத்தார்கள். பலாமரத்தின் இடத்தில் மட்டும் ஒருவருக்கும் சண்டையே வரவில்லை.